கேட்கிறவள் முதலில் சொல்ல வேண்டும்

போன கிழமை ஒரு பிள்ளை என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். நெசவு நிலையமொன்றுக்குப் புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியை. நல்ல பிள்ளை, கெட்டிக்காரி. தேத்தண்ணீரைக் குடித்துக் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ரீச்சர், அந்தப் பெண்டுகள் என்னோடை மனம்விட்டுக் கதைக்கினமில்லை. வீட்டுக் கஷ்டத்தை எத்தினையோ விதமாய்க் கேட்டுப் பாத்திட்டன். அவையை எப்பிடி வாய் திறக்கப் பண்ணுறது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏனடி பிள்ளை அவளவை உனக்கு வாய் திறக்கவேணும்? நீ என்ன, பல்லுப் பிடுங்க வந்த டொக்குத்தரோ?" என்று கேட்டுவிட்டேன். பிள்ளையின் முகம் சுருங்கிப் போய்விட்டது. பிறகு எனக்கே மனம் பொறுக்கவில்லை. இன்னொரு தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்துத்தான் அனுப்பினேன். ஆனால் கோபம் இன்னும் போகவில்லை. அது அந்தப் பிள்ளைமேல் வந்த கோபம் இல்லை. அவளுக்கு அப்படிப் படிப்பித்து அனுப்பியவர்கள்மேல் வந்த கோபம்.

ஆகவே நெசவு படிப்பிக்கப் புதிதாகப் போகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நூல், சாயம், தறி எல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அதை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. இல்லாதவள் ஒருத்திக்கு முன்னால் போய் எப்படி இருப்பது என்பதை மட்டும் எவரும் சொல்லித் தருவதில்லை. சோறு இல்லாதவளுக்கு மனமும் இல்லை என்று நினைக்கிறார்களோ, அல்லது அவளுடைய மனம் ஊருக்குப் பொதுவான வாசிகசாலை என்று நினைக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. போகிற வருகிறவர்கள் எல்லாம் அதைத் திறந்து பார்க்கலாம் என்ற எண்ணம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

நான் சொல்லப்போவது இரண்டாம் உலக யுத்த காலத்துக் கதை. சீலைக்குத் தட்டுப்பாடு வந்து, துணியும் கூப்பனுக்கு வந்த நாட்கள். ஊருக்கு ஊர் தறி போடுங்கள் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. நெசவு படிப்பிக்க என்னை உரும்பிராய்க்கு அனுப்பினார்கள். அங்கே பிறக்கிராசியார் ஒருவர் இருந்தார். கோட்டில் வழக்குப் பேசுகிறவர், தோட்டம் துரவு நிறைய உள்ளவர். அவர் தன் வளவின் மூலையில் புகையிலை போட்டுவைத்த ஒரு பெரிய கொட்டிலை எங்களுக்குச் சும்மா விட்டுத் தந்தார். எத்தனை தரம் கழுவியும் புகையிலை மணம் போகவில்லை. நாங்கள் நெய்த சீலையை உடுத்தவர்களுக்கெல்லாம் தும்மல் வரும் என்று சந்தையில் பகிடி பண்ணுவார்கள்.

வேலைக்கு வந்தவர்கள் ஆர்? புருஷனைப் பறிகொடுத்தவர்கள், புருஷன் விட்டுப் போனவர்கள், சீதனம் கொடுக்க வழியில்லாமல் வயது போனவர்கள். எல்லோருக்கும் ஒரே கஷ்டம் என்றாலும் எல்லோரும் ஒரே செம்பில் தண்ணீர் குடிக்கவில்லை. அங்கே தண்ணீர்ச் செம்பு இரண்டு இருந்தது. அதைப் பற்றித் தொடங்கினால் இது முடியாது. அது வேறு கோபம்.

தெய்வானை என்றொருத்தி அவர்களில் இருந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். அவளுடைய புருஷன் கிணறு வெட்டுகிறவன். வெடி வைத்துப் பிளந்த கல் சரிந்து விழுந்து கிணற்றுக்குள்ளேயே செத்துப் போனான். அது பிறக்கிராசியாரின் தோட்டத்துக் கிணறு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் செலவெல்லாம் அவர்கள்தான் பார்த்தார்கள். பிறக்கிராசியாரின் பெண்சாதி, அந்த வீட்டம்மாதான் அவளை நெசவுக்கும் அனுப்பிவைத்தா. ஊர்ச்சனம் நல்ல மனிசர் என்றது. ஏன் அந்தக் கல்லை முட்டுக் கொடாமல் விட்டார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தெய்வானை வாய் பேசமாட்டாள். சொன்னதைச் செய்வாள், திடீரென்று பாதியில் கையை விட்டுவிட்டு இருப்பாள். தலை வாரமாட்டாள். கிணற்றடிக்குப் போகமாட்டாள், வேறு யாராவது அள்ளி ஊற்றினால்தான் முகம் கழுவுவாள். காலையில் எல்லோருக்கும் பிந்தித்தான் வருவாள். முதலில் சோம்பல் என்று நினைத்தேன். பிறகு பூரணம் என்ற மற்றொரு நெசவுக்காரிதான் விஷயத்தைச் சொன்னாள்.

வீட்டைவிட்டுப் புறப்படும்போது எதிரே வருகிற முகத்தை எங்கள் பக்கத்தில் முழுவியளம் என்போம். நல்ல முகம் வந்தால் போன காரியம் நடக்கும். தாலி இழந்தவள் எதிரே வந்தால் சரிவராது. ஒருநாள் பிறக்கிராசியார் கோட்டுக்குப் புறப்பட்ட நேரம் தெய்வானை ரோட்டால் வந்திருக்கிறாள். மனிசன் காரை நிற்பாட்டி, இறங்கி, வீட்டுக்குள் திரும்பிப் போய், தண்ணீர் குடித்து, கொஞ்சநேரம் கதிரையில் இருந்துவிட்டுப் புதிதாகப் புறப்பட்டாராம். அன்று தொடக்கம் தெய்வானை அவருடைய கார் போகும் வரைக்கும் கிடுகுவேலிக்குப் பின்னால் நின்றுவிட்டு, பின்பக்கச் சிறு ஒழுங்கையால் வருவாள். அவளைத் தாலி இழக்க வைத்தது அவருடைய கிணறு. அவளைக் கண்டால் அவருக்குத் தீட்டு! 

ஒரு நாள் அந்த வீட்டம்மா கொட்டிலுக்கு வந்தா. பட்டணத்து மாதர் சங்கத்தில் பெரிய ஆள். சங்கம் அந்த நேரம் ஒரு வழிகாட்டித் திட்டம் தொடங்கியிருந்தது. வசதியான பெண் ஒருத்தி வசதியில்லாத பெண் ஒருத்தியைப் பொறுப்பெடுத்து, புத்தி சொல்லி, முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். அம்மா தெய்வானையைப் பொறுப்பெடுத்திருந்தா. வந்து பார்க்கிறா, தெய்வானை நூலைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறாள்.

"இதென்ன ரீச்சர், இவளுக்கு விசரல்லோ பிடிச்சிருக்குது! நான் எவ்வளவு புத்தி சொன்னனான். இனி இவளைப் பரிகாரியாரிட்டைக் கொண்டுபோய் விடவேண்டியதுதான். பெட்டையை நான் என்னோடை வைச்சுப் பாக்கிறன். சோறு துணிக்குக் குறைவிராது."

தெய்வானைக்கு ஏழு வயதில் ஒரு மகள் இருந்தாள். அந்த வீட்டுக் குசினியில் ஏற்கெனவே இரண்டு சின்னப் பெட்டைகள் சோறு துணிக்குக் குறைவில்லாமல் சட்டி உரஞ்சிக்கொண்டிருந்தார்கள். நாட்டு வைத்தியம் பார்க்கும் பரிகாரியார் வீட்டில், விசர் என்று கொண்டுபோய் விட்டவர்களுக்குக் காலில் சங்கிலி. அம்மா இதைச் சொன்னது தெய்வானைக்கு முன்னால், அவள் அங்கே இல்லாத மாதிரி. தெய்வானையின் கண் மட்டும் என்மேல் வந்து நின்றது.

அம்மா கெட்டவ இல்லை. அதை நான் சொல்லத்தான் வேண்டும். அவ உண்மையாகவே உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தா. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம். கெட்டவ என்றால் சண்டை பிடிக்கலாம், இவவோடு என்ன செய்வது?

"அம்மா, தைப்பொங்கல் மட்டும் பொறுங்கோ," என்றேன். "அவள் ஒரு பாவு ஏத்தி, தானே நெய்து முடிச்சாளெண்டால் பிள்ளை தாயோடை இருக்கட்டும்."

"முடிக்காட்டி?"

"முடிப்பாள்."

எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருக்கவில்லை. அந்த நேரம் அதைத்தான் சொல்லவேண்டியிருந்தது.

பாவு ஏற்றுவது, அதாவது நீட்டு நூலைத் தறியில் கோப்பது, இரண்டு பேர் வேலை. ஒருத்தி தறிக்குப் பின்னால் இருந்து நூலை இழை இழையாக எடுத்து நீட்டுவாள். மற்றவள் முன்னால் இருந்து கொளுக்கியால் அதை வாங்கி இழுப்பாள். இரண்டு பேரும் முகத்துக்கு முகம், நடுவில் நூல். ஒரு சீலைப் பாவுக்கே நாட்கணக்கில் அப்படி இருக்கவேண்டும். இந்த வேலைக்குத் தெய்வானையோடு இருக்க ஒருத்தியும் சம்மதிக்கவில்லை. புதுப் பாவில் முதல் கை வைப்பது நல்ல காரியம், அதில் அவளுடைய கை படலாமோ என்று ஒரே முணுமுணுப்பு. இவர்களிலும் பாதிப்பேர் வெள்ளைச் சீலைக்காரிகள்! வீட்டில் தங்களைத் தள்ளிவைத்ததை இங்கே கொண்டுவந்து இன்னொருத்தியில் இறக்கிவைத்தார்கள். தறியடியில் நின்று நன்றாக ஏசினேன். ஏச்சால் ஒருத்தியும் அசையவில்லை.

பூரணம்தான் எழும்பினாள். ஊரிலேயே பெரிய வாய்க்காரி. அவளுடைய புருஷன் மலாயாவுக்குப் போனவன். யப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததோடு தபாலும் இல்லை, கதையும் இல்லை.

"நான் இருக்கிறன் ரீச்சர். நான் பொட்டு வைக்கிறதோ அழிக்கிறதோ எண்டு யப்பான்காரனைத்தான் கேக்கவேணும். எனக்கு என்ன ராசி கெடப்போகுது?"

கொட்டில் முழுக்கச் சிரித்தது. தெய்வானை சிரிக்கவில்லை. ஆனால் போய் இருந்தாள்.

நான் அவர்களைப் பக்கத்துத் தறியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் பூரணம் தனியே கதைத்துக்கொண்டிருந்தாள். சந்தையில் மீன் விலை, அயலில் நடந்த சண்டை, மாமி வாய், எல்லாம். தெய்வானை இழையை வாங்கி இழுத்தாள், அவ்வளவுதான். இப்படியே போய், ஒரு பின்னேரம் பூரணத்துக்கே அலுத்துவிட்டது.

"எடியே, நீ என்னதான் யோசிக்கிறாய்? வாயைத் திறந்து சொல்லன்."

அப்போதுதான் தெய்வானையின் குரலை நான் சரியாகக் கேட்டேன். கரகரத்த குரல்.

"நீ முதல் சொல்லு."

"நான் என்னத்தைச் சொல்ல? விடிஞ்சாப் பொழுதுபட்டாச் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறன்."

"உது சந்தைக்கதை. உன்ரை கதையைச் சொல்லு. கேக்கிறவள்தான் முதல் சொல்லவேணும்."

பூரணத்தின் கை இழையோடு அப்படியே நின்றது. அவள் வாய் மூடி நான் கண்டது அன்றுதான். நான் எழும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. இதை உங்களுக்குச் சொல்ல இரண்டு பேரும் பின்னாளில் எனக்குச் சம்மதம் தந்தவர்கள்.

"யப்பான்காரன் வர முதலே கடிதம் நிண்டிட்டுது," என்றாள் பூரணம். "சண்டை தொடங்க முதலே. அங்கை அவருக்கு வேறை குடும்பம். எனக்குத் தெரியும். ஊருக்குச் சண்டையைச் சொல்லிச் சமாளிக்கிறன். சண்டை முடியக்கூடாதெண்டு கோயிலிலை நேத்திக்கடன் வைச்சிருக்கிறனடி. உலகம் முழுக்கச் சனம் சாகுது, நான் சண்டை முடியக்கூடாதெண்டு கும்பிடுறன். போதுமோ?"

தெய்வானை கொளுக்கியை நீட்டினாள். பூரணம் அடுத்த இழையைக் கொடுத்தாள். சில இழை போன பிறகு தெய்வானை கதைத்தாள்.

"வேலைக்குப் போகேக்கை ஒவ்வொரு நாளும் என்னைத்தான் முழுவியளத்துக்கு வரச் சொல்லுவார். செம்பிலை தண்ணியோடை நான் எதிரை வந்தால்தான் படலை தாண்டுவார். 'உன்ரை முகத்தைப் பாத்திட்டுப் போனால் எனக்கு ஒண்டும் வராது' எண்டுவார். அண்டைக்கும் நான்தான் வந்தனான். என்ரை முகத்தைப் பாத்திட்டுத்தான் போனவர்."

 நானாக இருந்தால் அந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பேன் தெரியுமா? அது மூடநம்பிக்கை, மனதைத் தளரவிடாதே, பிள்ளைக்காக வாழவேண்டும் என்று ஒரு பிரசங்கம் வைத்திருப்பேன். அம்மா அதைத்தான் ஒவ்வொரு வியாழனும் வந்து சொல்லிக்கொண்டிருந்தா. பூரணம் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. மூக்கைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"உன்னைக் கலியாணம் முடிச்ச பிறகு மனிசன் எத்தினை கிணறு வெட்டியிருப்பார்?"

"கனக்க."

"அந்தக் கிணறெல்லாத்துக்கும் போகேக்கை ஆரின்ரை முகம் எதிரை வந்தது?"

 "இழையைத் தா," என்று மட்டும் சொன்னாள் தெய்வானை. அன்று அவள் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. பிறகொரு மத்தியானம் நான் சாப்பிட்டுக் கைகழுவப் போனபோது கிணற்றடியில் நின்றாள். துலாக்கயிற்றைப் பிடித்திருந்தாள்.  பூரணம் பக்கத்தில் நின்றாள், கயிற்றைத் தொடாமல். வாளி பாதித் தண்ணீரோடு மேலே வந்தது.

அதற்குப் பிறகு அந்த வழக்கம் கொட்டில் முழுவதும் பரவியது. ஒருத்தி மற்றவளை ஏதாவது கேட்டால், "கேக்கிறவள் முதல் சொல்லவேணும்!" என்று நாலு பக்கத்தாலும் குரல் வரும். என்னையும் விடவில்லை. "ரீச்சர், நீங்கள் ஏன் கலியாணம் முடிக்கேல்லை?" என்று கேட்டார்கள். "நீங்கள் ஏன் முடிச்சனீங்கள் எண்டு முதல் சொல்லுங்கோ, பிறகு நான் சொல்லுறன்," என்றேன். அன்று முழுக்க வேலை நடக்கவில்லை, அவ்வளவு சிரிப்பும் அழுகையும். அந்த நாட்களில் அவர்களுடைய சீலையில் கிழிசல் குறைந்ததா, சோறு கூடியதா? ஒன்றுமில்லை. கூப்பன் அரிசி அதே அரிசிதான். ஆனால் தலை வாரினார்கள். ஒருத்தியை ஒருத்தி தேடி வந்தார்கள். வராதவள் வீட்டுக்கு ஆள் போயிற்று.

பொங்கலுக்கு முன்பே தெய்வானை சீலையை நெய்து முடித்தாள். பச்சைக் கரை வைத்த சிவப்புச் சீலை. அவள் இந்தச் சென்மத்தில் உடுக்க முடியாத சீலை. அம்மா கையால் தடவிப் பார்த்து, "ஆ, நல்ல வடிவாய் வந்திருக்கு. பாத்தீங்களோ ரீச்சர், நான் சொன்ன புத்தி வீண்போகேல்லை," என்றா. மகள் தாயோடு இருக்கட்டும் என்று அன்று சொல்லிவிட்டுப் போனா. நானும் பெரிய கண்டம் கழிந்தது என்றிருந்தேன்.

கழியவில்லை. மாசியில் மாதர் சங்கம் ஒரு கூட்டம் வைத்தது. கொட்டிலுக்கு முன்னால் பந்தல். பட்டணத்திலிருந்து பெரிய பெரிய பெண்மணிகள், எங்கள் நெசவுப் பகுதி அதிகாரி, எல்லோரும் வருகிறார்கள். வழிகாட்டித் திட்டத்தால் முன்னேறிய பெண் என்று தெய்வானை மேடையில் ஏறிக் கதைக்க வேண்டும் என்று அம்மா சொன்னா.

"எப்பிடி இருந்தனான், புருஷன் எப்பிடிச் செத்தவர், விசர் மாதிரித் திரிஞ்சது, பிறகு அம்மா எப்பிடிக் கைகுடுத்தவ எண்டு அவளே தன்ரை வாயாலை சொல்லட்டும். அப்பதான் சனத்துக்கு மனம் உருகும்."

"அம்மா, அது வேண்டாம்," என்றேன். "இப்பதான் அவள் கொஞ்சம் தேறி வாறாள்."

"என்ன ரீச்சர் நீங்கள்? அவளுக்கு ஒரு நன்றி வேண்டாமோ? மேடையிலை நாலு வார்த்தை சொல்லத் தெரியாதவள் எப்பிடிப் பிள்ளை வளர்க்கப் போறாள்? ஏலாதெண்டால் அதைச் சொல்லச் சொல்லுங்கோ, பெட்டையை நாளைக்கே கூட்டிக்கொண்டு போறன்."

விளங்கிற்றோ உங்களுக்கு? ஒரு கையால் தருவார்கள். மற்றக் கையில் கயிறு இருக்கும். நான் தெய்வானையிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவள் கையிலிருந்த நூலை முடிந்துவிட்டு, "வாறன் எண்டு சொல்லுங்கோ ரீச்சர்," என்றாள்.

கூட்டம் தொடங்கியது. முன் வரிசைக் கதிரைகளில் பிறக்கிராசியாரும் மற்றப் பெரிய மனிசரும். எனக்குப் பக்கத்தில் அதிகாரி. எங்கள் பெண்கள் பின்னால் பாயில். மேடையில் அந்தச் சிவப்புச் சீலையை விரித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்கு முன்னால் வெள்ளைச் சீலையோடு தெய்வானை. அம்மா அவளுடைய தோளில் கையை வைத்தா. அந்தக் கை அன்பாகத்தான் வைத்த கை.

"சொல்லு தெய்வானை. பயப்பிடாதை. உன்ரை மனிசன் செத்த அண்டைக்கு என்ன நடந்தது?"

 தெய்வானை தலையை நிமிர்த்தினாள்.

"சொல்லுறன் அம்மா. எங்கடை தறியடியிலை ஒரு வழக்கம் இருக்குது. கேக்கிறவதான் முதல் சொல்லவேணும். அது உங்கடை கிணறு. அண்டைக்கு நீங்களும் தோட்டத்திலை நிண்டனீங்கள். நீங்கள் கண்டதை முதல் சொல்லுங்கோ. பிறகு நான் சொல்லுறன்."

பாயில் இருந்த பெண்களில் ஒருத்தி "ஐயோ" என்றது எனக்குக் கேட்டது. பட்டணத்துப் பெண்மணிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அதிகாரி என் காதுக்குள் சீறினார்.

"என்ன ரீச்சர் இது? எழும்பி அவளை மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்கோ. இந்தக் கொட்டில் அவையின்ரை எண்டது தெரியுந்தானே?"

தெரியாமல் என்ன? கொட்டில் போனால் அத்தனை பேரின் வேலையும் போகும். என் வேலையும் போகும். தெய்வானையின் பிள்ளையும் போகும். எழும்பி இரண்டு வார்த்தை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். அவள் ஒருத்தியைத் தவிர எல்லாம் சரியாகிவிடும். அவள் இனி வாய் திறக்கமாட்டாள், சாகும்வரைக்கும் திறக்கமாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இதெல்லாம் யோசித்து வந்ததில்லை. கோபத்தில் வந்தது. சில நேரம் கோபத்துக்குத்தான் சரியான கணக்குத் தெரியும்.

நான் எழும்பினேன். எல்லோருக்கும் கேட்கும்படி உரத்துச் சொன்னேன். "ஐயா, ஒரு கேள்வி கேட்டிருக்கு. மறுமொழி இன்னும் வரேல்லை. வரட்டும், இருங்கோ."

இருந்தோம். அம்மாவின் கை தெய்வானையின் தோளிலிருந்து இறங்கியது. முகம் வெளுத்துப் போயிருந்தது. உதடு அசைந்தது. நான் சத்தியமாகச் சொல்லுகிறேன், அவ சொல்லத்தான் போனா. கல்லைப் பற்றி அவவுக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது, அது அவவின் நெஞ்சிலும் கிடந்திருக்கிறது. இன்னும் கொஞ்சநேரம் விட்டிருந்தால் அது வெளியில் வந்திருக்கும். அவவுக்கும் ஒரு பூரணம் இருந்திருக்கவேண்டும், இருக்கவில்லை.

கீழே இருந்து பிறக்கிராசியார் தொண்டையைச் செருமினார். "வா, போவம்," என்றார்.

அம்மா வாயை மூடிக்கொண்டு மேடையால் இறங்கிப் போனா.

அடுத்த நாள் அதிகாரி விசாரணைக்கு வந்தார். "உந்த வழக்கத்தை உங்களுக்கு ஆர் பழக்கினது?" என்று தறி தறியாகக் கேட்டார். பூரணம் நூலை விட்டுக் கண்ணெடுக்காமல், "ஐயாவை ஆர் அனுப்பினது? அதை முதல் சொல்லுங்கோ," என்றாள். மனிசன் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. துணிக்குத் தட்டுப்பாடு தீராத காலம், கொட்டிலைப் பூட்ட மேலிடம் விடாது என்று பிறக்கிராசியாருக்கும் தெரியும். ஆகவே தெய்வானையை நிற்பாட்டச் சொல்லிக் கேட்டார்கள். அவளை நிற்பாட்டினால் ஏன் நிற்பாட்டினீர்கள் என்று நானே அரசாங்கக் கச்சேரிப் படியில் ஏறிச் சொல்லுவேன் என்றேன். கடைசியில் என்னைப் பண்டத்தரிப்புக்கு மாற்றினார்கள். கொட்டிலும் நிலைத்தது, தெய்வானையும் வேலையில் நிலைத்தாள். மகளை அனுப்பச் சொல்லி அந்த வீட்டிலிருந்து பிறகு ஒரு சொல் வரவில்லை.

இதைப் படித்துவிட்டு, நானும் போய் அவர்களை ஒருவரோடு ஒருவர் கதைக்கவைக்கிறேன் என்று எவளாவது புறப்பட்டால் எனக்கு இன்னும் கோபம் வரும். தெய்வானையைத் தேற்றியது நான் இல்லை. திட்டமும் இல்லை. எதிரே இருந்து, தன் வெட்கத்தை முதலில் எடுத்து வைத்த ஒருத்தி. உங்களால் அப்படி வைக்க முடிந்தால் வையுங்கள். முடியாவிட்டால் பரவாயில்லை, வாயை மூடிக்கொண்டு இழையை எடுத்துக் கொடுங்கள். அதுவும் நல்ல வேலைதான். கேட்டுக் கேட்டுக் குடைய மட்டும் போகவேண்டாம்.

நான் உரும்பிராயை விட்டுப் புறப்பட்டது ஒரு காலை நேரம். றங்குப்பெட்டியை வண்டிலில் ஏற்றியாயிற்று. வழியனுப்ப ஒருவரும் வரவில்லை. பிறக்கிராசியாருக்குப் பயந்து வரமாட்டார்கள் என்று தெரியும். ஆனாலும் மனம் நன்றாக நொந்துவிட்டது. வண்டில் ஒழுங்கையால் வந்து ரோட்டில் ஏறியது. பிறக்கிராசியார் வீட்டு வாசல் படலைக்கு முன்னால் அவருடைய கார் புறப்பட ஆயத்தமாக நின்றது.

எதிரே நடு ரோட்டில் தெய்வானை வந்தாள். வேலிக்குப் பின்னால் இல்லை, பின் ஒழுங்கையால் இல்லை. தலை வாரிக் கட்டியிருந்தாள். ஒரு கையில் மகள். மற்றக் கையில் தண்ணீர்ச் செம்பு.

வண்டில்காரர் கயிற்றை இழுத்துப் பிடித்தார். "சிவசிவா! உவளென்ன விடியக்காலமை எதிரை வந்து நிக்கிறாள்? ரீச்சர், இறங்கி ஒருக்கா வீட்டை போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்கோ. பிறகு வெளிக்கிடுவம்."

தெய்வானை விலகவில்லை. செம்பு தளும்பித் தண்ணீர் கையில் வழிந்தது. ஆனால் முகத்தை நிமிர்த்தி வைத்திருந்தாள், நான் நன்றாகப் பார்க்கட்டும் என்று.

"நான்தான் அக்கா, முழுவியளத்துக்கு வந்தனான்," என்றாள்.

அதுவரைக்கும் அவள் என்னை ரீச்சர் என்றுதான் கூப்பிட்டவள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டேன். அவளுடைய முகத்தை ஆசை தீரப் பார்த்தேன்.

"எனக்குத் தண்ணி விடாய் இல்லை அண்ணை," என்றேன் வண்டில்காரரிடம். "விடுங்கோ வண்டிலை."